கடல் கடந்த அச்சுப்பொறியும் கஞ்சித்தொட்டியும்

திருச்சிற்றம்பலம்

சென்ற மார்கழித் திங்களில் ஒருநாள், வைகறையில் திருவெம்பாவை ஓதி முடித்து வெம்பக்கோட்டையிலுள்ள எமது இல்லத்துத் திண்ணையில் அமர்ந்திருந்தேம். அப்பொழுது முதியவர் ஒருவர் மெல்ல வந்து வணங்கி நின்றார். அவர் எம்மூர்ப் பக்கத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் உறைபவர்; 1990-ஆம் ஆண்டிலே மன்னார்க் கடலைத் தோணியிற் கடந்து இந்நாடு புகுந்தவர். அவர் கையில் மஞ்சட்டுணியாற் பொதிந்த சிறு பொதி ஒன்றிருந்தது. அவிழ்த்துக் காட்டினார். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் இயற்றிய பாலபாடத்தின் பழைய பதிப்பொன்று, முகப்புத் தாள் இல்லை, ஓரங்கள் செல்லரித்திருந்தன. அவருடைய தந்தையார் வண்ணார்பண்ணையில் இளமையிற் பயின்ற புத்தகம் அது. வீட்டையும் நிலத்தையும் விட்டு வந்தவர் அதனை மாத்திரம் விடாது கொண்டுவந்தார். "ஐயா, சிவகாசியில எல்லாம் அச்சடிக்கினம் எண்டு சொல்லுகினம். இதையும் திருப்பி அடிச்சுத் தருவினமோ? பேரப்பிள்ளையளுக்குப் படிப்பிக்க வேணும்" என்றார்.

அவர் வினாவிற்கு உடனே விடை கூற எமக்கு இயலவில்லை. சிவகாசி எம்மூர்க்கு அணித்தே உள்ளது. நாட்காட்டியும், வண்ணப்படமும், கணக்குப் புத்தகமும், மணவோலையும் அங்கே நாடோறும் குவியல் குவியலாக அச்சாகின்றன. ஆயின், விலைபோகும் என்னும் உறுதியில்லாத இச்சிறு நூலை அச்சிடுவார் யாவர்? இதனையே நினைந்திருந்தபொழுது வேறொரு வினா எம்முள்ளத்தெழுந்தது. இந்நூல் முதன்முதல் அச்சேறியபொழுது மாத்திரம் அதனை அச்சிட்டவருக்கு ஊதியம் உறுதியாயிருந்ததோ? இல்லையன்றோ! அங்ஙனமாயின் அவ்வச்சுக்கூடம் எவ்வாறு நிலைபெற்றது? எவர் துணை நின்றனர்? அது யாருக்கு உதவிற்று? இவ்வரலாற்றைச் சைவநன்மக்கள் அறிதல் நலமென்று கருதி ஈண்டு எழுதலுற்றேம்.

அச்சுத்தொழில் தமிழுக்கு வந்த வழியை முதற்கண் நோக்குவாம். தமிழெழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூல் 1578-ஆம் ஆண்டிலே கொல்லத்தில் வெளிவந்தது. அது போர்த்துக்கேயப் பாதிரிமாரது முயற்சி. பின்பு தரங்கம்பாடியில் சீகன்பால்கு பாதிரியார் அச்சுக்கூடம் நிறுவினார். அவர் ஜெர்மானியர், அவரை அனுப்பியவர் டென்மார்க்கு அரசர், அச்சுப்பொறி இலண்டனிலிருந்து வந்தது, தமிழ் எழுத்துருக்கள் ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரில் வார்க்கப்பெற்றன. இவ்வாறு பல தேசத்தார் ஒருங்கு கூடிய முயற்சியாலே புதிய ஏற்பாடு 1715-ஆம் ஆண்டளவிலே தமிழில் அச்சாயிற்று. ஒரு சிறு நூலுக்கு மூன்று தேசத்தார் கைகோத்தமை இதனால் விளங்கும்.

நம்மவரோ நெடுங்காலம் ஏட்டையே நம்பியிருந்தனர். அதற்குப் பழமைப் பற்று மாத்திரம் காரணமன்று. கும்பினியார் ஆட்சியில் அச்சுக்கூடம் வைத்தற்கு அரசினர் உத்தரவு வேண்டியிருந்தது. 1835-ஆம் ஆண்டிலே மெட்காப் துரை காலத்தில் இயற்றிய சட்டத்தாலே அத்தடை நீங்கிற்று. அதன் பின்னரே நம் வித்துவான்கள் பலர் தாமே அச்சுக்கூடம் வைத்து நூல்களை வெளியிடத் தலைப்பட்டனர்.

யாழ்ப்பாணத்திலும் நிலைமை இதனோடு ஒத்ததே. அமெரிக்க மிஷனார் அங்கே 1816-ஆம் ஆண்டில் வந்து பள்ளிகள் அமைத்தனர். அவர்களுக்கு அச்சுவேலை செய்தற்கென்று 1820-இல் வந்த காரெட் என்பவரைத் தங்கவொட்டாது இலங்கை அரசாங்கத்தார் திருப்பி அனுப்பிவிட்டனர். பின்னரே, 1834-ஆம் ஆண்டளவில், மானிப்பாயில் அம்மிஷனாரது அச்சுக்கூடம் நடைபெறலாயிற்று. 1841-ஆம் ஆண்டு 'உதயதாரகை' என்னும் பத்திரிகை தோன்றிற்று. சிறுவர் கையிலே அச்சிட்ட பாடப்புத்தகங்கள் விளங்கின. சைவச் சிறுவருக்கோ அங்ஙனம் ஒரு புத்தகமும் இல்லை. திண்ணைப் பள்ளியில் மணலிலெழுதி ஏட்டினைப் பாராமற் சொல்லிவந்த பிள்ளைக்கும், படமும் பாடமும் அமைந்த புத்தகத்தைக் கையிற் பெற்ற பிள்ளைக்கும் வேறுபாடு மிகுதியன்றோ?

இந்நிலையிலேதான் நாவலரவர்கள் தோன்றினார்கள். நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மையாருக்கும் மகவாக 1822-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அஃதாவது சித்திரபானு வருடம் மார்கழி மாதத்தில், அவர்கள் பிறந்தார்கள். யாழ்ப்பாணத்து உவெஸ்லியன் மிஷன் பள்ளியில் ஆங்கிலம் பயின்று, அங்கேயே ஆசிரியராயும், பேர்சிவல் பாதிரியாருக்குத் தமிழ்ப் பண்டிதராயும் அமர்ந்தார்கள். பாதிரியார் செய்த விவிலிய மொழிபெயர்ப்புக்கு நாவலரவர்கள் பெருந்துணை செய்தார்கள். அவ்வேலையின் பொருட்டு அவருடன் சென்னைக்கும் சென்றார்கள். அம்மொழிபெயர்ப்பு 1850-ஆம் ஆண்டில் சென்னையில் அச்சாயிற்று.

இதனைக் கேட்டவுடன் சைவர் சிலர் முகம் சுளித்தலுங் கூடும். அது வேண்டாம். நாவலரவர்கள் தம் சமயத்தை அங்கே கைவிட்டாரல்லர். சிவபூசையையும் திருநீற்றையும் விடாமலே அவ்வேலையைச் செய்தார்கள். பேர்சிவல் பாதிரியாரும் அவர்களைத் தமது சமயத்திற்கு வற்புறுத்தினாரல்லர். அவர்களது புலமையை மதித்து நடத்தினார். வேறு சமயத்தார் இருவர் ஒருவரையொருவர் ஏமாற்றாமல் ஒரு காரியத்தில் உடனின்றமைக்கு இஃது எடுத்துக்காட்டாம். அவ்விடத்திலே நாவலரவர்கள் கற்றுக்கொண்டவை பல: பாடங்களைச் சிறுவர் பருவத்திற்கேற்ப எளிமையினின்று அருமைக்கு ஏறும்படி வகுத்தல், வசனத்தை நிறுத்தக் குறிகளோடு பிரித்தெழுதல், மக்கள் கூடுமிடத்து நாள் குறித்துப் பிரசங்கித்தல், எல்லாவற்றிற்கும் மேலாக, அச்சின் வலிமை.

1847-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலிலே அவர்களுடைய முதற் சைவப்பிரசங்கம் நிகழ்ந்தது. அடுத்த 1848-ஆம் ஆண்டிலே, கீலக வருடத்தில், அவ்வூரிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்கள். பாதிரியாரிடம் பெற்றுவந்த வேதனத்தையும் அவ்வாண்டிலேயே துறந்தார்கள். மாணாக்கரிடத்துச் சம்பளம் வாங்காத பள்ளிக்கு ஊதியமில்லாத தலைவர் ஒருவர் வாய்த்தார். அவர்கள் இல்லறம் மேற்கொள்ளாது நைட்டிகப் பிரமசாரியாகவே வாழ்ந்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

பள்ளி வந்தது; புத்தகம் வேண்டுமே! அதுபற்றி 1849-ஆம் ஆண்டிலே தம் மாணாக்கர் சதாசிவப்பிள்ளையை உடனழைத்துக்கொண்டு அச்சுப்பொறி வாங்குதற்குத் தமிழ்நாடு போந்தார்கள். வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தை அடைந்து அங்கே பிரசங்கம் செய்தார்கள். 'நாவலர்' என்னும் பட்டம் அவ்வாதீனத்தாலே அப்பொழுது வழங்கப்பட்டது. நல்லூரில் பிறந்தவருக்குப் பெயர் தந்தது காவிரிக்கரை மடம். இரு கரைகளும் இவ்வாறே முதலிற் பிணைந்தன. ஒப்பந்தத் தாள் ஒன்றும் எழுதப்படவில்லை; கையொப்பமுமில்லை. ஒருவர் கற்றார், மற்றவர் மதித்தார், அவ்வளவே.

சென்னையிலே சூடாமணி நிகண்டுரையையும் சௌந்தரியலகரியுரையையும் அச்சிட்டுக்கொண்டு, அச்சுப்பொறியோடு கடல் கடந்து யாழ்ப்பாணம் மீண்டார்கள். வண்ணார்பண்ணையில் நிறுவிய அவ்வச்சுக்கூடத்திற்கு 'வித்தியாநுபாலன யந்திரசாலை' என்று பெயரிட்டார்கள். வித்தியையைப் பேணி வளர்க்கும் யந்திரசாலை என்பது அதன் பொருள். பொருளீட்டுதலைக் குறிக்கும் சொல் ஒன்றும் அப்பெயரில் இல்லாமை காண்க.

அக்காலத்து அச்சுவேலை எத்துணை அருமையுடையது என்பதை இன்று பொத்தானை அழுத்தி ஆயிரம் பிரதி பெறுவோர் அறிதல் அரிது. ஈயத்தில் வார்த்த எழுத்துக்களை ஒவ்வொன்றாய்ப் பெட்டியினின்றெடுத்து, இடவலம் மாறி நிற்க வரிவரியாகக் கோத்து, பக்கமாகக் கட்டி, மை தடவி, தாளிட்டுக் கையால் அழுத்த வேண்டும். முதற்பிரதியைப் பார்த்துப் பிழை திருத்தி, எழுத்தைப் பறித்து, வேறெழுத்திட்டு, மீண்டும் அழுத்த வேண்டும். அச்சடித்த பின்னர் எழுத்துக்களைக் கலைத்து அவ்வப் பெட்டியில் இட வேண்டும். இவற்றிற்கு முன்னரே, ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பாடம் துணிதல் என்னும் பெருவேலை உண்டு. நாவலர் பதிப்பு என்றால் பிழையில்லாப் பதிப்பு என்னும் மதிப்பு அக்காலத்தே பரவியது இவ்வுழைப்பினாலேயாம்.

பாலபாடங்களும், நன்னூல் விருத்தியுரையும், பெரியபுராண வசனமும் அவ்வச்சுக்கூடத்தின் தொடக்க காலத்து வெளியீடுகளுட் சிறந்தவை. சேக்கிழார் பெருமான் திருவாக்கைப் பொருளுணர்ந்து படிக்கவியலாத எளியவரும் அடியார் வரலாற்றை வசனத்தில் வாசிக்கலாயினர். மடத்தாரும் புலவரும் மாத்திரம் அறிந்திருந்தது அடுக்களையிலும் களத்துமேட்டிலும் புகுந்தது. இதுவே அவ்வச்சுக்கூடத்தின் முதலறம். தானம் என்பது அரிசியும் ஆடையும் மாத்திரமன்று. ஏட்டுக்குள் பூட்டிக்கிடந்த பொருளை எடுத்து வழங்குதலும் தானமே.

இனி, எம் நாட்டாருக்கு உரிமையான ஒரு செய்தி கூறுவாம். நாவலரவர்கள் மீண்டும் சென்னை வந்து அங்கேயும் ஓர் அச்சுக்கூடம் நிறுவினார்கள். திருக்குறள் பரிமேலழகருரையும், திருக்கோவையாருரையும் முதலிய அரிய நூல்களை அச்சிட இராமநாதபுரம் சமஸ்தானத்துப் பொன்னுச்சாமித் தேவரவர்கள் பொருளுதவினார்கள். திருக்குறட் பதிப்பு 1861-ஆம் ஆண்டில் வெளிவந்தது. யாழ்ப்பாணத்துப் புலமையும், சேதுநாட்டுப் பொருளும், சென்னை அச்சும் ஒருங்கு கூடிப் பிறந்த நூல் அது. பொன்னுச்சாமித் தேவரவர்களுடைய திருமகனாரே பாலவனத்தம் ஜமீந்தாராய் விளங்கிய பாண்டித்துரைத் தேவரவர்கள். 1901-ஆம் ஆண்டிலே மதுரையில் நான்காம் தமிழ்ச்சங்கம் கண்டவர் அவரே. பாலவனத்தம் இன்று எம் விருதுநகர் மாவட்டத்திலுள்ள ஊர். எம் வெம்பக்கோட்டைப் பகுதியும் 1910 முதல் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்ததே. ஆதலின், கடலுக்கப்பாலுள்ள ஓர் அச்சுக்கூடத்துக்குக் கைகொடுத்த மரபு எமக்கு அயலதன்று; எம் வாயிலிலேயே உள்ளது.

எம்மூரைத் தொட்டுச் செல்லும் வைப்பாறும் இதனையே சொல்லும். மேற்குமலைச் சாரலில் தோன்றிச் சாத்தூர் வழியே சென்று மன்னார்க் கடலில் அது கலக்கின்றது. அக்கடலின் மறுகரை ஈழம். 2022-ஆம் ஆண்டு முதல் எம்மூர்ப் பக்கத்து மேட்டிலே தமிழக அரசின் தொல்லியல் துறையார் அகழ்ந்தபொழுது சங்கு வளையல்கள் மிகுதியாக வெளிப்பட்டன. கடற்சங்கு உள்நாட்டு மேட்டில் வளையலான காலம் மிகப் பழைமையானது. கரிசல் நிலத்தாருக்கும் கடலுக்கும் உறவில்லை என்பார் இதனைக் காண்பாராக.

நிற்க. இக்கூட்டுறவு இன்னும் விரிந்தது. 1864-ஆம் ஆண்டில் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை நாவலரவர்கள் தாபித்தார்கள். யாழ்ப்பாணத்தார் பொருள் சோழநாட்டுச் சிறுவர் கல்விக்கு உதவிற்று. அப்பள்ளி இன்றும் நாவலரவர்கள் பெயராலேயே சிதம்பரத்தில் நடைபெறுகின்றது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் கல்லூரியிற் பயின்று, சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராய் 1857-இல் தேறியவர். அவர் வெளியிட்ட தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையருரையை 1868-ஆம் ஆண்டிலே நாவலரவர்கள் பரிசோதித்து உதவினார்கள். பின்னர்த் தாமோதரம் பிள்ளையவர்கள் தாமே வீரசோழியத்தை 1881-லும் கலித்தொகையை 1887-லும் பதிப்பித்தார்கள். ஒருவர் ஏற்றிய விளக்கில் மற்றொருவர் தம் விளக்கை ஏற்றிக்கொண்டவாறு இது.

இத்தனையும் எளிதில் நிகழ்ந்தன என்று எண்ணற்க. நூல் விற்ற பொருள் பள்ளிக்குச் சென்றது. பள்ளிச் செலவுக்கோ அது போதவில்லை. நாவலரவர்கள் விக்கியாபனங்கள் எழுதி அச்சிட்டுப் பொருளுடையாரை மீளமீள வேண்டினார்கள். செல்வர் பலர் வாய்ச்சொல் தந்து கைப்பொருள் தரவில்லை. 1872-ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவாங்கில வித்தியாசாலை பொருட்குறைவால் நெடுங்காலம் நடைபெறவில்லை. சைவச் சிறுவர் தம் சமயத்தை விடாமலே ஆங்கிலங் கற்க வேண்டும் என்னும் அவர்களது விருப்பம் அவர்கள் காலத்து முற்றவில்லை. அவர்கள் மறைந்த பின்பு, 1888-இல் தோன்றிய சைவபரிபாலன சபையார் முயற்சியால், 1890-ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் இந்துக்கல்லூரி அமைந்தபொழுதே அது நிறைவேறிற்று. விதைத்தவர் அறுவடை காணாமை அறத்தின் இயல்பு போலும்.

இனிக் கஞ்சித்தொட்டியின் வரலாறு. 1876-ஆம் ஆண்டு தொடங்கித் தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை எம் கரிசற்சீமை மறக்கவில்லை. அப்பஞ்சத்திலே பல இலட்சம் மக்கள் மாண்டனர். தாது வருடம் என்றாலே முதியோர் குரல் தாழும்படி அது வழிவழியாகப் பேசப்பட்டு வந்தது. யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. மழையும் கிணறுமே துணை. அங்கே விளையும் நெல் போதாமையால் இந்தியாவிலிருந்து வரும் அரிசியையும் நம்பியிருந்தனர். இங்கே பஞ்சமாயின் அங்கே அரிசி ஏது? மழையும் பொய்த்தது, அதனோடு வாந்திபேதியும் பரவியது.

அப்பொழுது நாவலரவர்கள் ஐம்பத்தைந்து வயதை நெருங்கியிருந்தார்கள், உடல் தளர்ந்திருந்தது, அச்சேற்ற வேண்டிய நூல்கள் பல எஞ்சியிருந்தன. அவற்றை ஒருபுறம் வைத்து, ஊராரைக் கூட்டிப் பொருள் திரட்டி, 1877-ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் கஞ்சித்தொட்டித் தருமத்தை நடத்தினார்கள். பசித்து வந்தோர் கஞ்சி பெற்றனர். அஃதன்றியும், பஞ்சத்திலும் நோயிலும் மக்கள் படுந்துயரைப் போதிய அளவு கவனியாத அரசாங்க ஏசண்டு துவைனந் துரையைக் கண்டித்து அஞ்சாது எழுதினார்கள். சோறிடுதல் ஓரறம்; சோறிட வேண்டியவர் இடாதபொழுது அதனை எடுத்துரைத்தல் மற்றோர் அறம். முன்னதற்குப் பொருள் வேண்டும். பின்னதற்கு நெஞ்சுரம் வேண்டும். அச்சுக்கூடம் உடையார் பின்னதிற் பின்னிடுவராயின் அவ்வச்சுக்கூடத்தாற் பயன் பாதியே.

அச்சிடும் தொழில் வேறு, அன்னமிடும் தருமம் வேறு என்று இன்று நாம் பிரித்தெண்ணுகின்றோம். தொழிலிற் பெருகிய பணத்தில் எஞ்சியதைத் தருமத்திற்கு ஒதுக்குதலே வழக்கமாயிற்று. நாவலரவர்களிடத்து அப்பிரிவு இல்லை. பள்ளிக்காக அச்சு; மக்களுக்காகப் பள்ளி; அம்மக்கள் பசித்தபொழுது அதே கைகள் அகப்பையைப் பிடித்தன. பாலபாடத்தைப் படிக்க வேண்டிய பிள்ளை உயிரோடிருந்தாலன்றோ பாலபாடம் வேண்டும்!

வரலாறு எழுதுவோர் குணத்தோடு குறையையுங் கூறல் வேண்டும். நாவலரவர்கள் வருணாச்சிரம ஆசாரத்தை உறுதியாக வற்புறுத்தியவர்கள். அதனால் அவர்களது கல்வியறம் சாதியில் தாழ்த்தப்பட்டோருக்கு மற்றையோருக்குப் போலச் சென்று சேரவில்லை. அக்காலத்து மரபு அது என்று கூறி அமைதல் ஆகாது. திருநாளைப்போவாரையும் திருநீலகண்டத்துப் பெரும்பாணரையும் நாயன்மார் வரிசையில் வைத்துத் தொழும் சமயத்திற்கு அக்குறை பெரிது. நாவலரவர்கள் செய்ததைப் போற்றுவோர், அவர்கள் செய்யாது விட்டதைச் செய்து முடித்தலே அவர்களுக்குச் செய்யும் நன்றிக்கடனாம்.

1879-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள், பிரமாதி வருடம் கார்த்திகை மாதத்திலே, நாவலரவர்கள் சிவபதம் எய்தினார்கள். சதாசிவப்பிள்ளையவர்கள் முதலிய மாணாக்கர் அவர்கள் நூல்களைத் தொடர்ந்து அச்சிட்டு வந்தனர்.

இருகரைக் கூட்டுறவின் பயன் முழுவதும் விளங்கியது நூறாண்டு கழிந்த பின்னரே. 1981-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் தீயிடப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும், அவற்றோடு கிடைத்தற்கரிய ஏடுகளும் எரிந்தொழிந்தன. ஒரே பிரதியாயிருந்த ஏடு எரிந்தால் அந்நூல் இறந்ததே. ஆனால் சென்னையிலும் வண்ணார்பண்ணையிலுமாக அச்சாகிச் சிதம்பரத்திலும், மதுரையிலும், மடங்களிலும், வீடுகளிலும் பரவிய நூல் ஓரிடத்துத் தீயால் அழிவதில்லை. ஒரு கரை எரிந்தபொழுது மறு கரை காத்தது. கடல் கடந்து அச்சுப்பொறியைக் கொண்டுசென்ற பெரியார் இத்தீயைக் கனவிலும் கண்டிரார். ஆயினும் அதற்கு மாற்றினை முன்னரே செய்துவைத்தார்கள்.

இப்பொழுது எம்மூர்ப் பக்கம் மீள்வாம். சிவகாசியிலே அச்சுத்தொழில் தோன்றிய வரலாறும் ஒரு யாத்திரையில் தொடங்கியதே. அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் தீப்பெட்டித் தொழில் பயிலக் கல்கத்தா சென்று மீண்டு, 1923-ஆம் ஆண்டளவில் இங்கே தொழில் தொடங்கினர். மழை குறைந்த இச்சீமைக்கு அது பிழைப்பாயிற்று. தீப்பெட்டியின்மேலும் வெடிக்கட்டின்மேலும் ஒட்டும் வண்ணச் சீட்டுக்காக அச்சுப்பொறிகள் வந்தன. அவற்றுட் பல ஜெர்மனி தேசத்தன. முன்னொரு காலத்துத் தரங்கம்பாடிக்குத் தமிழெழுத்தை வார்த்தனுப்பிய தேசத்தினின்றே சிவகாசிக்கும் பொறிகள் வந்தமை நினைக்கத்தக்கது. இவ்வளவு பொறிகள் உள்ள இடத்தில் ஒரு பாலபாடத்திற்கு இடமில்லையோ?

இவ்வெண்ணத்தோடு யாம் அம்முதியவரை அழைத்துக்கொண்டு தைத்திங்களில் சிவகாசி சென்றேம். இரண்டு அச்சகங்களிலே, ஆயிரம் பிரதிக்குக் குறைந்தால் கட்டாது என்றனர். அவர்கள் கூறியதில் பிழையில்லை; கூலியும் தாளும் விலையில்லாமல் வருவனவல்ல. மூன்றாவது அச்சகம் ஒரு சந்தினுள் உள்ள சிறு கூடம். அதன் உரிமையாளர் எம்மிடம் முன்பு தமிழ் பயின்றவர். புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பின்பு முதியவரை நோக்கி, "தாத்தா, எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். முகாமில் சிறுவர் நாற்பதின்மர் வரை உளர் என்று முதியவர் சொன்னார். "அப்படியானால் முந்நூறு போடுவோம். தாள் விலை மட்டும் கொடுங்கள் ஐயா, நாட்காட்டி வேலை முடிந்த மாதம், பொறி சும்மாதான் கிடக்கிறது" என்றார்.

தாள் விலையை எம் ஓய்வூதியத்திற் கொடுத்தேம். இதனை எம் பெருமைக்காக எழுதவில்லை. எத்துணைச் சிறு தொகையால் இக்காரியம் முடிந்தது என்பது விளங்குதற்கே எழுதினேம். எழுத்துப்பிழை பார்க்கும் வேலையை யாமும் முதியவரும் பகுத்துக்கொண்டேம். எமக்குக் கண் மங்கல். அவருக்குக் கை நடுக்கம். ஒருவர் வாசிக்க மற்றவர் குறித்தேம். முந்நூற்றில் நூற்றைம்பது இங்குள்ள சிறுவருக்கு, முகாம் என்றும் ஊர் என்றும் சாதி என்றும் பாராது வழங்கினேம். பட்டாசுச் சாலையிற் பெற்றோரை இழந்த பிள்ளைகள் சிலரும் அவருட் சேர்ந்தனர். எஞ்சிய நூற்றைம்பதை என் செய்வது என்று முதியவரை வினவினேம். "அங்கை அனுப்பவேணும் ஐயா. அங்கையிருந்து வந்ததுதானே" என்றார். யாழ்ப்பாணத்திலுள்ள உறவினர் வாயிலாக அவை இப்பொழுது கடல் கடக்கவிருக்கின்றன.

சைவநன்மக்களே! அச்சகம் உடையீர் உங்களுள் உளீர், பழம்புத்தகம் உடையீர் உளீர், பொருளுடையீரும் உளீர். நாவலரவர்கள் காலத்திலும் இம்மூவரும் வெவ்வேறிடத்திலேயே இருந்தனர். அவர்களை ஒன்று கூட்டுவித்ததே அவர்கள் செய்த பெருந்தொண்டு. உங்கள் ஊரில் அச்சுப்பொறி சும்மா கிடக்கும் மாதம் எது என்று கேளுங்கள். உங்கள் பரணில் கிடக்கும் நூல் எது என்று பாருங்கள். அதனைப் படிக்கக் காத்திருக்கும் பிள்ளை கஞ்சி குடித்ததோ என்றும் உடன் விசாரியுங்கள். இம்மூன்றும் ஒருங்கு நிகழுமிடத்தே நாவலரவர்களது யந்திரசாலை இன்றும் நடைபெறுகின்றது என்க.

சிவம்.

திருச்சிற்றம்பலம்